தை மாதக் காலையில் பாம்பு எங்கே இருக்கும்?

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் வாசகர் கேள்விகளுக்கு நடுவே பாம்பும் வந்துவிடும். "பனிக்காலத்தில் பாம்பு வரப்பிலேயே கிடக்கிறது, ஆள் வந்தால்கூட ஓடுவதில்லை, ஏன்?" என்று ஒருவர் கேட்பார். கோடை பிறந்ததும், "தண்ணீர்ப் பானைக்கு அடியில் பாம்பு கிடந்தது, வீட்டுக்குள் எதற்கு வருகிறது?" என்று இன்னொருவர் கேட்பார். கேள்வி இரண்டானாலும் விடை ஒன்றுதான். பாம்பு சூட்டைப் பார்த்துப் பிழைக்கும் உயிர். சூடு எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால், பாம்பு இருக்கும் இடத்தையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சுமார் 45 கிலோமீட்டர். அந்தப் பாதையில் ஒரு தை மாத நாளைக் கழித்தால் இது நன்றாக விளங்கும்.

விடியற்காலை ஆறு மணிக்குக் கடலூர் முதுநகரைத் தாண்டி, ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம் என்று பேருந்து தெற்கே போகிறது. கிழக்கே உப்பனாறும் சவுக்குத் தோப்புகளும் மணல்மேடுகளும். மேற்கே நெல் வயல். பனி இன்னும் விலகவில்லை. வெப்பம் 21, 22 டிகிரி இருக்கும். சால்வை போர்த்திக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அது குளிர். ஆனால் அவர் உடம்புக்குள்ளே 37 டிகிரிதான், மார்கழியிலும் சித்திரையிலும் அதே அளவு. அந்தச் சூட்டைக் கொடுப்பது அவர் சாப்பிட்ட சோறு.

பாம்புக்கு அந்த வசதி கிடையாது. அதன் உடம்பில் பிறக்கும் சூடு மிகக் குறைவு. சுற்றியுள்ள மண், கல், காற்று, வெயில் ஆகியவற்றின் சூடே அதன் சூடு. பள்ளிக்கூடத்தில் 'குளிர் இரத்தப் பிராணி' என்று படித்தது பாதிதான் சரி. பத்து மணி வெயிலில் அரை மணி நேரம் கிடந்த சாரைப்பாம்பின் இரத்தம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். விடியற்காலையில் அதே பாம்பு மண்ணைப் போலச் சில்லென்று இருக்கும்.

இதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே கீரிப்பிள்ளை தினமும் இரை தேட வேண்டும். அதே எடையுள்ள பாம்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு தீனி போதும். நல்ல எலி ஒன்று கிடைத்தால் ஒரு வாரம் ஓடிவிடும். இரை கிடைக்காத காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதனால் முடியும். அடுப்புக்கு விறகு வாங்காத குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுப்பு வெளியே இருப்பதால், நேரம் பார்த்து அதனிடம் போயாக வேண்டும்.

வரப்பின் கிழக்குச் சரிவு

பி.முட்லூர் பக்கம் இறங்கி வயலில் கால் வைக்கும்போது மணி ஏழரை. வெயில் முதலில் விழுவது வரப்பின் கிழக்குச் சரிவில். மேற்குப் பக்கம் இன்னும் நிழலும் பனியும். எலி வளைக்குள் இரவைக் கழித்த பாம்பு, முதலில் தலையை மட்டும் வெளியே நீட்டிச் சற்று நேரம் அப்படியே இருக்கும். தலை சூடேறிய பிறகே உடம்பு வெளியே வரும். வந்ததும் வெயிலுக்குக் குறுக்காக நீட்டிப் படுத்து, விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தட்டையாக்கிக்கொள்ளும். அகலம் கூடினால் வெயில் படும் பரப்பும் கூடும். நெல்லைக் களத்தில் பரப்பிக் காய வைப்பது போலத்தான்.

எந்நேரமும் அப்படிக் கிடக்காது. 30 டிகிரியை ஒட்டிய சூடு உடம்பில் ஏறினால் போதும். அதன் பிறகு நிழலுக்கு நகரும், இரை தேடப் போகும், சூடு குறைந்தால் திரும்ப வெயிலுக்கு வரும். காஷ்மீர் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் பாம்புகள் மாதக்கணக்கில் மண்ணுக்குள் முடங்கிக் கிடக்கும். கடலூர்ச் சீமையில் அதற்குத் தேவையில்லை. இங்கே குளிர் என்பது விடியற்காலை இரண்டு மூன்று மணி நேரச் சங்கதி.

அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் ஆபத்தானது. குளிர்ந்த பாம்பின் தசை மெதுவாகவே இயங்கும். ஓடித் தப்ப முடியாது என்பதால் அசையாமல் கிடக்கும். 'மந்தமாக இருக்கிறது, ஒன்றும் செய்யாது' என்று அதைக் குச்சியால் தள்ளுகிறவர்கள் உண்டு. ஓடும் வேகம் குறைந்த பாம்புக்கு மிச்சமிருக்கும் தற்காப்பு கடிதான். கண்ணாடி விரியன் விஷயத்தில் இது இரட்டிப்பு உண்மை. வெயில் காலத்தில் இரவில் நடமாடும் இந்தப் பாம்பு, பனிக்காலத்தில் பழக்கத்தை மாற்றிக்கொண்டு பகலில் அதிகம் வெளியே இருக்கும். காய்ந்த புல்லும் அதன் உடல் நிறமும் ஒன்றாகவே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. குக்கரில் ஆவி போவது போன்ற சீறல் கேட்டால், அடுத்த அடி எடுத்து வைக்காமல் நின்று, எங்கே என்று பார்த்துப் பின்வாங்க வேண்டும்.

இந்தக் கண்ணாடி விரியனை உலக அறிவியலுக்கு அறிமுகம் செய்ததும் இதே சோழமண்டலக் கடற்கரைதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், இக்கடற்கரைப் பகுதியில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-ல் படங்களோடு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இப்பாம்புக்கு இன்றும் அவர் பெயர்தான். ஊசிப்பல்லுக்கு அஞ்சி ஓடாமல், எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எதற்கு இல்லை என்று கோழியையும் நாயையும் கொண்டு சோதித்துப் பார்த்த மனிதர் அவர். விவசாயிக்கு இன்றும் வேண்டியிருப்பது அந்தப் பகுத்தறியும் பழக்கம்தான்.

அறுவடை இயந்திரம் இறங்கும் வயலில் இன்னொன்றையும் கவனிக்கலாம். இயந்திரம் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்துக்கொண்டு போகும். எலியும் பாம்பும் நிற்கும் பயிருக்குள் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் நடுவில் உள்ள சிறு திட்டுக்குள் சேர்ந்துவிடும். வெட்டவெளியில் கழுகுக்கும் வெயிலுக்கும் பயந்து அவை வெளியேறத் தயங்கும். எலி பிடிக்கலாம் என்று சிறுவர்கள் தடியோடு காத்து நிற்பது அந்தத் திட்டைச் சுற்றித்தான். அங்கே செருப்பில்லாத கால்கள் நிற்கக் கூடாது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கமாக அறுத்துக்கொண்டே போனால், அவை அடுத்த வயலுக்கோ வாய்க்கால் கரைக்கோ போய்விட வழி கிடைக்கும்.

வைக்கோலுக்குள் ஒரு கதகதப்பு

வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் சிதம்பரம். கோபுரம் தூரத்திலேயே தெரிகிறது. பாம்போடு இந்த ஊருக்குப் பழைய உறவு. நடராசர் மேனியில் பாம்பு, உடம்பில் பாதி பாம்பான பதஞ்சலி முனிவர், அதே கோயிலுக்குள் ஆதிசேடன் மேல் பள்ளிகொண்ட கோவிந்தராசப் பெருமாள். கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலும் ஆதிசேடன் உண்டாக்கியதாகச் சொல்லும் தீர்த்தம் ஒன்று உண்டு. கும்பிடுவதில் குறைவில்லாத ஊர்கள்தான். ஆனால் வைக்கோல் போருக்குள் கை விடும்போது அந்த நினைப்பு யாருக்கும் வருவதில்லை.

காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வட்டாரங்களில் தை, மாசியில் எங்கு பார்த்தாலும் வைக்கோல். முழுதும் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடு கிளம்பும். கையை உள்ளே விட்டாலே தெரியும். எருக்குழியிலும் குப்பை மேட்டிலும் இதே கதைதான், அங்கே சூடு இன்னும் அதிகம். சிந்திய நெல்லுக்காக எலி வருகிறது, எலிக்காகவும் கதகதப்புக்காகவும் பாம்பு வருகிறது. இரை விழுங்கிய பாம்புக்குச் சூடு இன்னும் அவசியம். வயிற்றில் இருக்கும் எலியைச் செரிக்க வைப்பது அந்தச் சூடு. உடம்பு குளிர்ந்துபோனால் செரிமானம் நின்று, எலி வயிற்றிலேயே அழுக ஆரம்பிக்கும். அப்போது பாம்பு அதைக் கக்கிவிடும். இரவில் எலியை விழுங்கிய பாம்பு மறுநாள் காலை கதகதப்பான இடத்தைவிட்டு நகர மனமில்லாமல் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

மாட்டுக்கு வைக்கோல் பிடுங்குவது பெரும்பாலும் விடியற்காலை வேலை, பெரும்பாலும் பெண்கள் வேலை. அரை இருட்டில் வெறும் கையை நுழைத்து இழுப்பதைவிட, கவைக்கோல் ஒன்றைப் போரின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அதனால் தட்டிவிட்டு இழுக்கலாம். போரைத் தரையில் போடாமல் கல்லோ கட்டையோ அடுக்கி அதன் மேல் போட்டால் அடியில் எலி வளை தோண்டுவது குறையும். வீட்டுச் சுவரை ஒட்டிப் போர் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். போருக்கு வந்த எலி ராத்திரியில் வீட்டுக்குள் போகும், அதன் பின்னாலேயே பாம்பும் போகும்.

நெல் குவியலின் ஓரத்தில் படுக்கை

இந்தப் பகுதியில் பனிக்கால இரவுகளில் மிகவும் கவலை தரும் இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். குவியல் குவியலாக நெல்லைக் கொட்டி, படுதா போர்த்தி, முறை வரும்வரை பக்கத்திலேயே காவல் படுத்திருக்கிறார்கள். சில நாள், சில சமயம் அதற்கும் மேல். வெறும் தரையில் சாக்கை விரித்து, தலைக்கு ஒரு சாக்கு, போர்வை. நெல்லுக்கு எலி வரும். எலிக்குக் கட்டுவிரியன் வரும். சில ஊர்களில் இதை எண்ணெய் விரியன் என்பார்கள். பளபளப்பான கறுப்பில் மெல்லிய வெள்ளை வரிகள். பகலில் சுருண்டு தலையை மறைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும், இருட்டியதும் சுறுசுறுப்பாகிவிடும். இது எலியை மட்டுமல்லாமல் மற்றப் பாம்புகளையும் தின்னும்.

மனித உடம்பின் சூட்டைத் தேடித்தான் கட்டுவிரியன் படுக்கைக்குள் வருகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்தே சூட்டைக் 'காணும்' உறுப்பு சில பாம்புகளுக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள மூங்கில் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி, மலைப்பாம்புக்கு உதட்டோரம் வரிசையாகக் குழிகள். எலியின் உடம்பிலிருந்து கிளம்பும் சூட்டலையை அந்தக் குழியில் உள்ள மெல்லிய சவ்வு உணரும். கும்மிருட்டிலும் எலி எங்கே நிற்கிறது என்று குறி தப்பாமல் தெரிந்துவிடும். இந்தச் சவ்வின் நரம்பில் சூட்டை உணர்வது எந்தப் புரதம் என்று 2010-ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். மனிதர்களிடம் அதே வகைப் புரதம் கடுகின் காரத்தை உணர்த்துகிறது. மிளகாய்க் காரம் நாக்கில் ஏன் சூடாகத் தெரிகிறது என்று கண்டறிந்ததும் அவர்தான். அதற்காக 2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

நம் வயல்களில் உயிரைப் பறிக்கும் நான்கு பாம்புகளான நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றில் எதற்கும் இந்தக் குழி கிடையாது. எனவே கட்டுவிரியன் எங்கோ இருந்து மனிதச் சூட்டைக் குறிவைத்து வருவதில்லை. எலியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு சாக்குகளுக்கு இடையே ஊர்ந்து வருகிறது. வழியில் விரித்த படுக்கை அதற்கு இன்னொரு சாக்கு. கதகதப்பாகவும் இருந்தால் தங்கிவிடலாம். படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டால் கடி விழுகிறது.

கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அதிகம் இருக்காது, பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம் என்பது இந்தக் கடியின் கொடுமை. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார். கண் இமை தானாகச் சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. 'ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிட்டால், மூச்சை இயக்கும் தசைகள் செயலிழந்து உயிர் போய்விடும். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியும் இமைச் சரிவும் வந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே எண்ணி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. கொசுவலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது என்பது அதன் முடிவு. கொசுவலையின் ஓரத்தை நான்கு பக்கமும் பாயின் அடியில் செருகிவிட்டால் பாம்பு உள்ளே வராது. கயிற்றுக் கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டையோடு ஒரு கட்டிலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது வேடிக்கையாகத் தோன்றலாம். முறை வரும்வரை உயிரோடு காத்திருக்க அது வேண்டும்.

சித்திரையில் எல்லாம் தலைகீழ்

இதே பாதையில் மூன்று மாதம் கழித்து வந்தால் காட்சி மாறிவிடும். நிழலிலேயே 38, 40 டிகிரி. வெட்டவெளியில் மண்ணின் மேற்பரப்பு 55 டிகிரியையும் தாண்டும், செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. பாம்புக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டிப் போனால் அதன் உயிருக்கே ஆபத்து. நண்பகல் மணலில் சிறிது நேரம் மாட்டிக்கொண்டாலும் செத்துவிடும். சுருட்டை விரியன் மணலில் பக்கவாட்டில் வளைந்து வளைந்து நகர்வதில் ஒரு நன்மை உண்டு. உடம்பின் சில இடங்கள் மட்டும் தரையில் பட, மற்ற பாகம் தூக்கிய நிலையில் இருப்பதால் சுடும் தரையோடு தொடர்பு குறைகிறது.

ஆகவே கோடையில் பாம்பு குளிர்ச்சியைத் தேடும். மண்ணில் ஒன்றரை அடிக்குக் கீழே பகல் இரவு வேறுபாடு அதிகம் தெரியாது, எலி வளைதான் அதற்குக் குளுகுளு அறை. கரையான் புற்றும் அப்படியே. கரையான் உள்ளே வளர்க்கும் காளானுக்கு 30 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரப்பதமும் மாறாமல் வேண்டும். அதற்கேற்பக் காற்றோட்டம் வைத்துப் புற்றைக் கட்டுகிறது. கட்டியது கரையான், குடியேறுவது பாம்பு. நல்ல பாம்பு கோடையில் முட்டையிடுவதும் இத்தகைய புற்றுகளிலும் எலி வளைகளிலும்தான். குஞ்சு பொரியச் சுமார் இரண்டு மாதம் ஆகும், அதுவரை தாய் அருகிலேயே காவல் இருக்கும். மலைப்பாம்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டுவிட்டுத் துடிக்க வைத்துத் தானே சூடு உண்டாக்கி அடைகாக்கும். தன் உடம்பில் சூடு பிறப்பிக்கத் தெரிந்த பாம்பு அது ஒன்றுதான் என்று சொல்லலாம். பாரிஸ் உயிரியல் பூங்காவில் 1841-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

பண்ருட்டி வட்டாரச் செம்மண்ணில் இதே மாதங்கள்தான் முந்திரி அறுவடைக் காலம். பழம் உதிர உதிரக் கொட்டை பொறுக்க வேண்டும். மரத்தடி நிழல், மேலே காய்ந்த சருகு, அதற்கடியில் சற்று ஈரம். வெயிலுக்கு ஒதுங்கிய பாம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பெண்கள் குனிந்து கையால் சருகை விலக்கும் இடமும் அதுதான். கொட்டை விழத் தொடங்கும் முன்பே மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டி வைக்க வேண்டும் என்று சொல்வது பொறுக்கும் கூலி குறையும் என்பதற்காக மட்டுமல்ல. சருகில்லாத தரையில் கொட்டையும் தெரியும், பாம்பும் தெரியும். கூட்ட முடியாத தோப்பில் ஒரு நீளக் குச்சியால் கிளறிவிட்டுப் பிறகு கை வைக்கலாம்.

சிதம்பரம் பக்கம் நெல் தரிசில் போட்ட உளுந்து பங்குனியில் பறிப்புக்கு வரும். செடியைப் பிடுங்கி வயலிலேயே சிறு சிறு குவியலாக வைத்துவிட்டு மறுநாள் வந்து வாரிக் கட்டுவார்கள். பகல் வெயிலில் அந்த வயல் முழுக்க நிழல் என்பது அந்தக் குவியல்கள் மட்டுமே. வாருவதற்கு முன் ஒவ்வொரு குவியலையும் காலால் தட்டாமல் கோலால் புரட்டிப் பார்ப்பது நல்லது. வீட்டில் தண்ணீர்ப் பானையின் அடி, குளியலறை மூலை, துவைக்கும் கல், மோட்டார் கொட்டகை, வாசலில் விட்ட ரப்பர் பூட்ஸ் ஆகியவை கோடையில் பார்க்க வேண்டிய இடங்கள்.

கடற்கரைப் பக்கம் சூட்டுக் கணக்கு வேறு. பிச்சாவரம் சதுப்பில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, தில்லை மரங்களும் சுரபுன்னையும் நிற்கும் கால்வாய்களில் வாழும் நீர்ப்பாம்புகள் தண்ணீரின் சூட்டிலேயே இருக்கின்றன. தண்ணீர் காற்றைப் போலச் சட்டென்று சூடேறவோ ஆறவோ செய்யாது. முடசல்ஓடை, பரங்கிப்பேட்டை வலைகளில் துடுப்பு வாலோடு வரும் கடற்பாம்புகளுக்கும் அப்படியே. இவற்றை வெறும் கையால் வலையிலிருந்து எடுத்து வீசும் பழக்கம் இருக்கிறது. நம் நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கு எதிரானது, கடற்பாம்புக்கு அல்ல. அந்த நான்கின் விஷத்தையும் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது.

வெள்ளமும் சூட்டோடு சம்பந்தப்பட்டதுதான். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம் என்று கடலூர் மாவட்டம் இரண்டையும் பார்த்தது. வளைக்குள் தண்ணீர் புகுந்தால் பாம்பு வெளியே வந்தாக வேண்டும். மழை நீரில் நனைந்தால் உடம்புச் சூடு போய்விடும் என்பதால் உயரமான, காய்ந்த இடத்துக்கு ஏறும். மனிதர்கள் ஒதுங்குவதும் அதே மேட்டுக்குத்தான். வெள்ளம் வடிந்த பின் கட்டில், அலமாரி, அடுக்கிய விறகு எதையும் பார்க்காமல் நகர்த்தக் கூடாது.

கடித்துவிட்டால்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்தார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும்.

கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட வேண்டும், வீக்கம் வந்தால் அவை இறுகிவிடும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கேடு. கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும், பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை. கண்ணாடி விரியன் கடியா என்று அறிய மருத்துவர்கள் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கான சிகிச்சை கிடைக்கும்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லலாம். சாரையை அடித்துக் கொல்வது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு விஷம் கிடையாது, வயல் எலியைத் துரத்தி வளைக்குள்ளேயே போய்ப் பிடிக்கும். எலி வளைக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியான உடம்பு அதற்கு. ஆந்தை வெளியே வந்த எலியை மட்டும்தான் பிடிக்கும்.

மாலை ஆறரைக்கு வீராணம் ஏரிக்கரையில் லால்பேட்டைப் பக்கம் இருட்டத் தொடங்குகிறது. வயலிலிருந்து பனி எழும்புகிறது. மண் சீக்கிரம் ஆறிவிட்டது. கரையில் பதித்த கற்களும் தார்ச்சாலையும் மட்டும் பகல் முழுக்கக் குடித்த வெயிலை இன்னும் வைத்திருக்கின்றன. உள்ளங்கையை வைத்தால் தெரியும். இரை தேடப் புறப்பட்ட பாம்பு சாலையைக் கடக்கும்போது வயிற்றுக்கு அந்தக் கதகதப்பு படுகிறது, அங்கேயே சற்று நின்றுவிடுகிறது. இரவு ஒன்பது மணிவரை அப்படித்தான். காலையில் நசுங்கிக் கிடக்கும் பாம்புகளில் பாதிக்கு மேல் நீர்க்கோலியும் சாரையும்தான். கொள்முதல் நிலையத்துக்குக் கட்டிலும் டார்ச் லைட்டுமாகப் போகும் இரு சக்கர வண்டிக்காரர் ஒருவர், சாலையின் நடுவே கறுப்பாக ஏதோ நீளமாகக் கிடப்பதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார். விளக்கை அதன் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அது மெல்ல நகர்ந்து, சாலையின் மறுபுறம் உளுந்து விதைத்த வயலுக்குள் இறங்கிய பிறகு வண்டியைக் கிளப்புகிறார்.